மந்தங்குளத்துப் படுக்கைப் பெட்டி

மந்தங்குளத்துக்கு ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. ஆனால் பொம்மை ரயில் சங்கம் ஒன்று உண்டு. தலைவர் வண்டிமலையான் அண்ணாச்சி. பேரிலேயே வண்டி இருந்ததால் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உறுப்பினர்கள் ஆவுடையப்பன், இசக்கி என்று இரண்டே பேர்.

அந்த மாசம் அண்ணாச்சிக்கு ஒரு சிக்கல் வந்தது. சங்கத்து ரூம் அவருடைய மாமனாருக்குச் சொந்தம். "மாப்ளே, ஜங்ஷன்ல நடக்கிற கண்காட்சியில உங்க ரயில் பெட்டியச் சேத்துக்கிட்டா சரி. இல்லைன்னா ரூமைக் காலி பண்ணிருங்க. நான் அரிசி மூட்டை அடுக்கணும்" என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ரூமும் போய்விட்டால் அண்ணாச்சிக்கு உலகத்தில் வேறு போக்கிடம் இல்லை, பாவம்.

கண்காட்சிக்காரர்கள் பழைய ரயில் படுக்கைப் பெட்டி ஒன்றின் போட்டோவை அனுப்பி, 'உங்கள் பொம்மைப் பெட்டியை இந்தப் படத்தில் உள்ளபடி மாற்றிக் கொண்டுவரவும்' என்று எழுதியிருந்தார்கள்.

போட்டோ கறுப்பு வெள்ளை. ஆகவே ரத்தச் சிவப்பாக இருந்த ஒரு சாண் பொம்மைப் பெட்டிக்குச் சாம்பல் பெயின்ட் அடித்தார்கள்.

"மறுபக்கத்துக்கு என்ன கலரு அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

அண்ணாச்சி போட்டோவைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் வெள்ளையாக இருந்தது. "வெள்ளைலே. நடுவுல ஸ்டூடியோ முத்திரை ஒண்ணு குத்திரு."

படத்தின் ஓரத்தில், போட்டோ எடுத்தவரின் கட்டைவிரல் தெரியாமல் விழுந்திருந்தது.

"இது யாரு விரலு?" என்றான் ஆவுடையப்பன்.

"கார்டு விரலாத்தான் இருக்கும். கொடியத் தொலைச்சிட்டு விரலக் காட்டுதாரு."

"பெட்டி உசரத்துக்குல்லா இருக்கு!"

"அந்தக் காலத்து ஆளுக. நல்ல சாப்பாடு" என்றார் அண்ணாச்சி.

ஆவுடையப்பன் மெழுகில் விரல் செய்து, நகம் வரைந்து ஒட்டினான்.

கண்காட்சியில் நடுவர் மெர்சி அம்மாள் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்ததும், "என்னய்யா இது?" என்று சத்தம் போட்டார்.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றான் இசக்கி. "ஜன்னல் ஷட்டர் மூடியிருக்குல்லா? உள்ள எல்லாரும் தூங்குதாங்க."

அந்த அம்மாள் மூவரையும் வாசலுக்குக் கூட்டிப் போனார். ஸ்டேஷன் முன்னால், போட்டோவில் இருந்த அதே பெட்டி, அறுபதடி நீளத்தில், செக்கச்செவேலென்று காட்சிக்கு நின்றது.

"அசல் இதோ நிக்கு. நாலு மணி வரைக்கும் டயம். அசல் மாதிரி இருக்கணும். இல்லைன்னா பேரை அடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் முன்னால் அரிசி மூட்டை அரிசி மூட்டையாக வந்தது.

"ஏலே, பெரிய பெட்டிதானே அசல்?" என்றார் கடைசியில்.

"ஆமா அண்ணாச்சி."

"நம்ம கையில இருக்கது?"

"மாதிரி."

"அந்த அம்மா என்ன சொன்னாங்க? அசல், மாதிரி இருக்கணும்!"

மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து அந்த அறுபதடிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அடேயப்பா, நம்ம மேல குத்தமே இல்லையே!" என்று இசக்கி துள்ளிக் குதித்தான். அண்ணாச்சிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நாலு மணிக்கு மெர்சி அம்மாள் வந்து பார்த்தால், அசல் பெட்டியின் முன்பக்கத்தில் ஆளுக்கொரு உப்புத்தாளை வைத்துத் தேய் தேயென்று தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னய்யா பண்ணுதீங்க?"

"ஒரு சாணுக்குக் கொண்டுவரணும்லாம்மா? தேய்க்கத் தேய்க்கக் கொறையுது" என்றார் அண்ணாச்சி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "கலரைக் கடைசியில பாத்துக்கிடலாம்."

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்து சேர்ந்தார். அவரும் மந்தங்குளத்துக்காரர்தான். பெட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஒரு உப்புத்தாளை எடுத்தார்.

"இம்புட்டுப் பெரிய பெட்டிய வச்சுக்கிட்டு அந்தச் சின்ன ரூம்ல எப்படி மாப்ளே காலந்தள்ளுனீங்க? முதல்லயே சொல்லக்கூடாதா? தேய்ங்க, தேய்ங்க. இது சாண் அளவுக்கு வார வரைக்கும் ரூமை நீங்களே வச்சுக்கிடுங்க."