இரண்டாவது மிதி

"டீச்சர், இந்தப் புது வண்டி எனக்கு வேண்டாம்" என்றார் சபாபதி.

ஜெரீனா நிமிரவில்லை. மேட்டுப்பாளையத்தில் கார் பட்டறை வைத்திருப்பவள். ஞாயிறுதோறும் டாக்ஸிக்காரர்களுக்கு வண்டி பழுதுபார்க்கப் பாடம் எடுப்பாள். சபாபதிக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்துநாலு. ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

"என்ன பண்ணுச்சு?"

"மானத்தை வாங்கிடுச்சு. நேத்து போஜன் ஐயாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வந்தேன். கோத்தகிரி இறக்கத்துல, வளைவுல, புகையா வந்து நின்னுபோச்சு. முக்கால் மணி நேரம் ரோட்டோரத்துல உட்கார்ந்திருந்தாருங்க, பாவம். அப்புறம் வேற வண்டியில ஏத்திவிட்டேன். அவங்க வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவலை."

"ம்."

"பழைய வண்டியை எடுத்து ஓட்டப்போறேன். முப்பத்தோரு வருஷம். ஒரு தடவைகூட நின்னதில்ல."

"அதோட டிக்கியில என்ன வெச்சிருந்தீங்க?"

சபாபதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஃபேன் பெல்ட் ஒண்ணு, கட்டுக்கம்பி, டேங்க் ஒழுகினா அடைக்க சோப்பு, ரேடியேட்டர் ஒழுகினா மஞ்சத்தூள், அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி."

"தண்ணி எதுக்கு?"

"ஏத்தத்துல சூடாகும். ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி..."

"நின்னதே இல்லைன்னீங்க?"

"அது நின்னதில்ல டீச்சர். நான் நிறுத்தினது!"

ஜெரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பிரேக்?"

"சுகமா இருக்கும். ரெண்டு மிதி மிதிக்கணும். ரெண்டாவதுல பிடிச்சுக்கும்."

"போஜன் ஐயா பின்னாடி உட்கார்ந்திருக்கும்போதுமா?"

சபாபதியின் கால் தரையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தது. முப்பத்தோரு வருஷத்தில் அந்த முதல் மிதியைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

ஜெரீனா புது வண்டியின் பானெட்டைத் தூக்கினாள். தண்ணீர் டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இதென்ன மஞ்சளா இருக்கு?"

"நேத்து நின்னப்புறம் பார்த்தா ஒழுகுச்சு. வழக்கமாப் போடுற மாதிரி... ஒரு கைப்பிடி..."

"வண்டிக்கு மஞ்சள் நீராட்டு விழாவா அண்ணே? ஊர் முழுக்கப் பத்திரிகை வெச்சீங்களா?"

அவர் கூனிக் குறுகிப்போனார்.

"பழைய ரேடியேட்டர் மஞ்சளைத் தாங்கும். இதுல வழியெல்லாம் ஊசி நுழையற அளவுதான். நல்லா அடைச்சு வெச்சிருக்கீங்க." அவள் கையை உள்ளே விட்டு, தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "ஆனா ஆரம்பம் இது. இந்தச் சூட்டுல இந்த இடத்துல பிளாஸ்டிக் வைக்கிறவனைச் சும்மா விடக்கூடாது. இதுவரைக்கும் பதினொண்ணு மாத்தியிருக்கேன்."

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!"

"சொன்னீங்க. விரிசல் எங்க இருக்கு, சொல்லுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தட்டுப்பட்டது. விரிசலைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

"இந்த வெள்ளை ஒரு நாள்ல வர்றதில்லை. மூணு மாசம் ஒழுகியிருக்கு. நேத்துக்கு முன்னாடி பானெட்டை எப்ப தூக்குனீங்க?"

"ஷோரூம் பையன் சொன்னான் டீச்சர், இதுல நீங்க எதையுமே தொட வேண்டாம் சார்னு."

"பழைய வண்டியில?"

"தினமும் காலையில. டீ ஆறுறதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடுவேன்."

சொன்னதும் அவர் பார்வை புது வண்டியின் பானெட்டுக்குப் போனது.

அவள் உலோகத்தில் செய்த இணைப்பு ஒன்றையும் ஒரு ஸ்பானரையும் நீட்டினாள்.

"நானா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே!"

"பழைய வண்டியை வாங்கின முதல் நாள் தெரிஞ்சுதா?"

மஞ்சளைக் கழுவி எடுக்கவே மதியமாகிவிட்டது. இணைப்பை மாட்டும்போது கை இரண்டு முறை வழுக்கி விரல் முட்டி சிராய்ந்தது. ஜெரீனா ஸ்டூலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். ஒரு வார்த்தைகூடச் சொல்லி உதவவில்லை. சபாபதிக்குக் கோபம் வந்தது, அப்புறம் மறந்துபோனது.

மாட்டி முடிக்கையில் போன் அடித்தது. போஜன் மனைவி மாதம்மா.

"அண்ணா, நாளன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வேற வண்டி பார்த்துக்கட்டுங்களா? தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "டீச்சர், இனிமே நிக்காதுன்னு சொல்லிடட்டுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத் தினமும் விடியறது உங்க வீட்டு வாசல்லதானே?"

சபாபதி வண்டியைப் பார்த்தார். பதினாலு மாசமாகத் துணி போட்டுத் துடைத்த வண்டி. அதன் உள்ளே இன்றைக்குத்தான் உருப்படியாகக் கை வைத்திருக்கிறார்.

"வண்டியைப் பத்தி என்னால சத்தியம் பண்ண முடியாதுங்கம்மா" என்றார் போனில். "ஆனா வேற வண்டி வேண்டாம். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்துட்டு வர்றேன். சந்தேகம்னா நானே வேற வண்டி ஏற்பாடு பண்ணி, கூடவே வர்றேன்."

"சரிங்கண்ணா, வாங்க" என்றாள் மாதம்மா.

போனைப் பையில் போட்ட சபாபதி மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"டீச்சர்" என்று குரல் மட்டும் வந்தது. "இதுல அடுத்து எது உடையும்?"