செம்போத்து பீரங்கிக்குள் நுழைந்த நாள்

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, செம்போத்து வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. குரலும் மெலிந்த குரல்தான். அடுத்த கிளைக்குக்கூடக் கேட்காது.

கரடிக்குன்றின் மேல் ஒரு சின்னக் கோட்டை. அதைச் சுற்றி வேலியாக முட்புதர். அந்தப் புதரில்தான் செம்போத்து குஞ்சு பொரித்திருந்தது. கோட்டையில் இருந்தது ஒரே ஒரு இரும்புப் பீரங்கி. அதைச் சுடுபவர் மதார் ராவுத்தர்.

ஒருநாள் காலை எதிரிப்படை ஆற்றின் அக்கரையில் வந்து இறங்கியது. ராவுத்தர் சுத்தியலால் பீரங்கியைத் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலிக்க வேண்டியது, கீறல் விட்ட பானைபோல் ஒலித்தது.

"உள்ளே எங்கேயோ விரிசல்" என்றார். "எந்த இடம் என்று தெரியாமல் வெடிமருந்து போட்டால் இது வெடித்து நாம்தான் சாவோம்."

மதில்மேல் உட்கார்ந்திருந்த செம்போத்து, "நான் போய்ப் பார்க்கட்டுமா, ராவுத்தரே? அவர்கள் ஏறி வந்தால் முதலில் கொளுத்தப்போவது என் புதரைத்தான்" என்றது.

"உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன செய்வாய்?"

"முள்ளுக்குள் நுழைந்தே பழகியவள் நான்."

சிறகுகளால் சுவரைத் தடவியபடி அது குழலுக்குள் ஊர்ந்து போனது. சுவரெல்லாம் துரு, அடியெல்லாம் பழைய மருந்தின் கரி. வெகுநேரம் கழித்துப் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தபோது சிறகு துருவேறியிருந்தது, உடம்பு கரியாகியிருந்தது.

"குழலின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி விரிசல் இருக்கிறது. என் நகம் நுழைகிறது. மருந்து போடும் அடிப்பக்கம் நன்றாக இருக்கிறது."

ராவுத்தர் யோசித்தார். "அப்படியானால் குண்டு வேண்டாம். கால்பங்கு மருந்து போதும். சத்தம் மட்டும் கேட்கட்டும்."

திரியை வைத்தார். குழல் தாங்குகிறதா என்று பார்க்கச் செம்போத்து விலகாமல் அங்கேயே நின்றது. புகை அடித்து அதன் கண்கள் சிவந்துபோயின. குன்று அதிர எழுந்த முழக்கத்தில் எதிரிகளின் வண்டிமாடுகள் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அன்று முழுக்க அந்தப் படைக்கு மாடு தேடுவதே வேலையாகிவிட்டது.

"நாளைக்கு வந்தால் என்ன செய்ய? விரிசல் அகன்றுவிட்டது, இன்னொரு தடவை இது தாங்காது" என்றார் ராவுத்தர்.

செம்போத்து பதில் சொல்ல வாயைத் திறந்தது. "ஊப்" என்றுதான் வந்தது. முழக்கம் அதன் தொண்டையிலேயே தங்கிவிட்டிருந்தது. ராவுத்தர் அதை வியப்போடு பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே யோசனை.

மறுநாள் விடியும்போது புதருக்குள்ளிருந்து "ஊப்... ஊப்... ஊப்..." என்று முழக்கம் எழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கோட்டையைச் சுற்றிப் பீரங்கிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எதிரிப்படை மூட்டை கட்டியது. ராவுத்தர் ஆற்றங்கரையில் நத்தை பொறுக்கி, குஞ்சுகளுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்று முதல்தான் செம்போத்து கரிய உடம்பும் துரு நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாக, விடிந்ததும் புதருக்குள் மறைந்திருந்து முழங்குகிறது.