பட்டினிக் கோழிகள் தந்த சம்மதம்

வயிறு நிறைந்திருந்தால் உண்மையைச் சொல்லும். பட்டினி போட்டால் நாம் கேட்க நினைத்ததையே சொல்லும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள், குழந்தைகளே. விடை இந்தக் கதைக்குள் ஒரு கூண்டில் இருக்கிறது.

வெகுகாலத்துக்கு முன், கடல்களுக்கு அப்பால், ரோமாபுரி என்ற பெருநகரம் இருந்தது. அந்த நகரத்துப் படை எங்கே போனாலும் கூடவே ஒரு கோழிக்கூண்டும் போகும். போருக்கு முன் கோழிகளுக்குத் தானியம் போடுவார்கள். ஆவலாகக் கொத்தித் தின்றால் தெய்வம் சம்மதித்துவிட்டது என்று பொருள். தின்னாமல் ஒதுங்கினால் அன்றைக்குப் போர் கிடையாது.

அந்தக் கோழிகளைப் பார்த்துக்கொண்டவர் விபியஸ். மனைவியை இழந்தவர். எட்டு வயது மகள் பிரிஸ்காவையும் கோழிக்கூண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு படைக்குப் பின்னால் போவார்.

படையில் துரானியஸ் என்றொருவன் இருந்தான். செருப்புத் தைப்பவரின் மகன். நூறு பேருக்குத் தலைவனானான். ஆயிரம் பேருக்குத் தலைவனானான். முழுப் படைக்கும் தளபதியானான். அப்போதும் அவனுக்குப் போதவில்லை. நகரத்துக்கே தலைவனாகாமல் ஓய்வதில்லை என்று உறுதி எடுத்தான்.

தளபதியாக அவன் நடத்திய முதல் போர் ஆற்றங்கரையில். கோழிகள் தின்றன. படை வென்றது.

இரண்டாம் போர் மலையடிவாரத்தில். வெயிலில் களைத்த கோழிகள் தீனியைத் தொடவில்லை.

"இன்று வேண்டாம், தளபதி" என்றார் விபியஸ்.

"கூண்டை மூடும். நாளைக் காலைவரை ஒரு மணி தானியம்கூடப் போடாதீர்" என்றான் துரானியஸ்.

மறுநாள் கோழிகள் தின்றன. படை வென்றது. துரானியஸ் சிரித்தான். "பார்த்தீரா, கோழிக்காரரே? தெய்வத்துக்கும் பசிக்கத்தான் செய்கிறது."

மூன்றாம் போர் கடற்கரையில். இதையும் வென்றுவிட்டால் ஆயுள் முழுவதும் அவனே தலைவன் என்று நகரத்துப் பெரியவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவனுடைய பதவிக்காலம் முடிய ஐந்தே நாள் இருந்தது.

கப்பலில் புதுக் கோதுமை வந்திறங்கியது. அதில் ஒரு பிடி அள்ளி விபியஸ் கோழிகளுக்குப் போட்டார். ஒரு கோழி கொத்திப் பார்த்து அலகை உதறியது. மற்றவை கிட்டவே வரவில்லை. விபியஸ் தானும் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். பூசண வாடை அடித்தது.

"தளபதி, கோதுமை கெட்டுப்போயிருக்கிறது. பழைய மூட்டைகள் தீர்ந்ததும் வீரர்களுக்கும் இதுதான்."

"கோதுமையைப் பற்றி யார் கேட்டது? கோழி தின்கிறதா, இல்லையா?"

"தின்னவில்லை."

"தின்னும். இரண்டு நாள் பட்டினி போடும். அதற்குப் பிறகும் தின்னாவிட்டால் நீர் மலையில் கல் உடைக்கப் போவீர். உம் மகளை யாராவது அடிமையாக வாங்கிக்கொள்வார்கள்."

விபியஸ் கூண்டை மூடினார்.

முதல் நாள் கோழிகள் கத்தின. இரண்டாம் நாள் கூண்டுக் குச்சிகளைக் கொத்தின. மூன்றாம் நாள் காலை திறந்துவிட்டதும் அந்தக் கெட்ட கோதுமையை ஒரு மணி மிச்சமில்லாமல் விழுங்கின.

"அப்பா, இதுகள் சரி என்று சொல்கிறதா, பசிக்கிறது என்று சொல்கிறதா?" என்று கேட்டாள் பிரிஸ்கா.

அதற்குள் எக்காளம் முழங்கியது.

பழைய மூட்டைகள் தீர்ந்துவிட்டதால் அதே கோதுமையில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வீரர்கள் களம் இறங்கினார்கள். நண்பகலுக்குள் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கோழிக்காரரே, உம்ம கோழிக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே" என்று முனகினான் ஒரு வீரன். விபியஸ் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

படை சிதறியது. துரானியஸ் மட்டும் ஓடவில்லை. கடைசிவரை வாளோடு நின்றான். மாலையில் கைவிலங்கோடு எதிரியின் கப்பலில் ஏறினான். ரோமாபுரியில் அவனுக்காகச் செதுக்கி வைத்திருந்த யானைத்தந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார்.

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதா, குழந்தைகளே? நீதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தனக்கு வேண்டிய பதிலை வற்புறுத்தி வாங்குகிறவன், உண்மை தன்னிடம் வந்து சேரும் வழியைத் தானே அடைத்துவிடுகிறான்.

கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த ஆண்டு புதிய தளபதி வந்தார். நல்ல மனிதர், இதமாகப் பேசுகிறவர். போருக்கு முந்தின நாள் மாலை அவர் கூண்டருகே வந்து நின்றார்.

"வீரர்கள் பயந்து போயிருக்கிறார்கள், விபியஸ். நாளைக்கு இவை நன்றாகத் தின்றால் அவர்களுக்குத் தைரியம் வரும். இன்றைக்கு ஒன்றும் போடவேண்டாமே?"

விபியஸ் தானியப் படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல் உடைக்கும் மலை அவர் நினைவுக்கு வந்தது.

பிரிஸ்கா அவர் கையிலிருந்து படியை வாங்கினாள். கோழிகளுக்கு வயிறு நிறையத் தீனி போட்டாள்.