பெயர் நிரப்பாத மெமோ

"விசாவைக் காட்டினால்தான் தடையின்மைச் சான்று" என்று அடித்துச் சொல்லிவிட்டார் பல்கலைக்கழகப் பதிவாளர் அரங்கநாயகம். அந்தச் சான்று வந்தால்தான் விசா என்கிறது தூதரகம். ஜப்பான் மாநாட்டுக்குப் பல்கலைக்கழகமே அனுப்பும் ஆய்வு மாணவி சபூரா, நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தாள். நாளைக்குள் மனு போடாவிட்டால் பயணம் போச்சு.

தினக்கூலி டைப்பிஸ்ட் பிலோமினா லேசுப்பட்டவளா? இரண்டு தாளும் ஒரு பழைய கோப்புமாகப் பதிவாளர் அறைக்குள் போனாள்.

"ஐயா, விசா பார்க்காமலே சான்று கொடுத்த அதிகாரி ஒருத்தர் இங்கேயே இருக்கிறார்."

"யாரும்மா அந்த ஆள்? உடனே மெமோ அடி!"

"அடித்தாச்சு ஐயா. பெயர்தான் பாக்கி."

கோப்பைத் திறந்து வைத்தாள். போன வருஷம் ஜெர்மனி போன துறைத்தலைவருடையது அது. விசாவுக்கு இருபது நாள் முந்தைய சான்று. கீழே அரங்கநாயகத்தின் கையெழுத்து.

"பெயரை நிரப்பட்டுமா ஐயா? இல்லை, இதை முன்னுதாரணமாகக் காட்டி சபூராவின் சான்றையும் அடித்திருக்கிறேன், அதில் கையெழுத்துப் போடுகிறீர்களா?"

மின்விசிறிக்குக் கீழேயே அவருக்கு வேர்த்தது. மளமளவென்று சான்றில் கையெழுத்துப் போட்டார்.

"ஏம்மா, அந்த மெமோவைக் கிழித்துப் போட்டுவிடேன்."

"கிழிக்கிறேன் ஐயா. அடுத்த மாணவர் கோப்பும் இப்படியே நகரட்டும்."