டுடோரியல் போகாத தளபதி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் தூத்துக்குடிக் கடல் நாளைக் காலையிலிருந்து இனிக்கட்டும். இப்படித்தான் ஆரம்பித்தேன்.

"அப்ப உப்பளத்துக்காரங்களுக்கு இன்னைக்கே தகவல் சொல்லிரு" என்றான் இசக்கிதுரை. "பாவம், வேற வேலை தேடணும்லா."

விஷயம் இதுதான். சனிக்கிழமை மதுரையில் கம்ப்யூட்டர் போர் விளையாட்டுப் போட்டி. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சுடுகிற ரகம் இல்லை. மேப்பைப் பார்த்து, மண்டையைக் குழப்பி, படையை ஒரு கட்டம் இரண்டு கட்டமாக நகர்த்தி நாட்டைப் பிடிக்கிற ரகம். அணிக்கு நாலு பேர் வேண்டும். எங்கள் தெருவில் மூன்று பேர்தான் தேறியிருந்தார்கள். கேப்டன் ஹெலன் அக்கா, காலேஜ் முதல் வருஷம். இசக்கிதுரை, என் வகுப்பு, தன் பிறந்த தேதியையே இரண்டு தடவை சரிபார்க்கிறவன். அப்புறம் பாரூக், அவன் சாப்பாடு சம்பந்தப்பட்டது என்றால் எதையும் நம்புவான். நாலாவது பெயரை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். அந்தப் பெயர் ஜெசிந்தா என்று இருக்க வேண்டும் என்பது ஜெசிந்தாவின், அதாவது என் ஆசை. மணி ஐந்தேகால் ஆகியிருந்தது.

ஹெலன் அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தோம். அக்கா என் கதைக்குக் காதையும், கம்ப்யூட்டருக்குக் கண்ணையும் கொடுத்திருந்தாள். பாளையங்கோட்டை அணியோடு பிராக்டிஸ் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நாம் ஒரு முறை, அவர்கள் ஒரு முறை. முறைக்கு நாலு நிமிடம். நகர்த்தினாலும் நகர்த்தாவிட்டாலும் நாலு நிமிடம் முடிந்தால் ஆட்டம் கை மாறிவிடும். அக்காவின் தலைநகரை அவர்கள் மூன்று பக்கமும் வளைத்திருந்தார்கள். அக்காவின் முகம் பல்வலிக்காரி முகம்போல் இருந்தது.

"நேத்துதான்க்கா முத முதலா உக்காந்தேன்" என்றேன். "முத ஆட்டத்துலயே உலகத்தைப் பிடிச்சிட்டேன்."

"டுடோரியல் முடிச்சியா?" அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"நான் எதுக்குக்கா டுடோரியல் போகணும்? பத்தாவதுல நானூத்தி அறுபது மார்க்கு."

இசக்கிதுரை வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. நீங்களே சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படி ஏறினால் வரிசையாக டுடோரியல். அதில் யார் இருப்பார்கள்? பத்தாவதில் கணக்கில் கவிழ்ந்தவர்கள். விளையாட்டைத் திறந்ததும் திறக்காததுமாக, ஒரு மானமுள்ள பிள்ளையைப் பார்த்து, "டுடோரியல் போறியா?" என்று ஒரு பட்டன் கேட்டால் எப்படி இருக்கும்?

"நான் அந்தப் பட்டனை முறைச்சேன். அது கெஞ்சிச்சு. எங்க பி.டி. சார் குரல்லயே கெஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தக் குரலை எடுத்தேன். "ஏ பிள்ளை, ஒரு ரவுண்டு கத்துக்கிட்டுப் போ. அப்புறம் அடி வாங்கிட்டு வந்து எங்கிட்ட அழக் கூடாது." கூடவே வாயால் ஒரு விசிலும் அடித்தேன். பாரூக் கட்டிலை விட்டு எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டான்.

"உக்காருலே" என்றான் இசக்கிதுரை.

"மேப்பைத் திறந்தா ஒரே இருட்டு. ஒரு மூலையில என் ஊரு, பத்து வீரன். மிச்சமெல்லாம் கறுப்பு."

"அது போர்ப் பனி. ஆளை அனுப்பிப் பாத்தாத்தான் விலகும்" என்றான் இசக்கிதுரை, வாத்தியார் தோரணையில்.

"உனக்கு ஆளை அனுப்பணும். எனக்குக் கர்ச்சீப் போதும். ஒரு தேய் தேய்ச்சேன், காடு தெரிஞ்சுது. எச்சி தொட்டுத் தேய்ச்சேன், ஆறு தெரிஞ்சுது. தேங்கா எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன் பாரு, எதிரி ராஜா அரண்மனைக் குளியலறை. மனுஷன் முதுகுல சோப்போட நிக்கான். 'யாரு தாயி அது, கதவைச் சாத்து'ங்கான். தேய்ச்ச வேகத்துல ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருந்த எல்லைக்கோடே அழிஞ்சுபோச்சு. அந்த ரெண்டு நாட்டுக்காரனும் இன்னைக்கு வரைக்கும் எந்தக் கொடியை ஏத்தன்னு தெரியாம, ஒரு லுங்கியை ஏத்திவச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கான்."

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது. "ஏ, யாரு அங்க பேசுதது?"

பாளையங்கோட்டை கேப்டன் ஜெபராஜ். அக்காவின் மைக் திறந்தே இருந்திருக்கிறது. அக்கா அதை அணைக்கக் கை நீட்டினாள்.

"அணைக்காதிய" என்றான் ஜெபராஜ். "சோப்போட நின்ன ராஜா என்ன ஆனான்?"

அக்கா திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது அவர்கள் முறை. நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். "சொல்லுட்டி ஜெசி" என்றாள். அவள் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ராஜாவைப் பிடிக்கப் படையை அனுப்புனேன். நாலு கட்டம் போனதும் மொத்தப் படையும் நின்னுட்டு. ஒவ்வொருத்தன் தலைக்கு மேலயும் சிவப்பு எழுத்துல 'சப்ளை இல்லை'ன்னு எழுதியிருக்கு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இலை போட்டாச்சு, சப்ளையரைக் காணோம்."

"ஏட்டி, அந்த சப்ளை வேற" என்றான் இசக்கிதுரை. "ரோடு போட்டு, கிடங்கு கட்டி..."

"நீ கட்டு. நான் கையைத் தட்டி 'சப்ளையர்'னு ஒரு சத்தம் கொடுத்தேன். தோள்ல துண்டோட வந்தாரு." மூச்சு விடாமல் அவர் குரலுக்கு மாறினேன். "இட்லி தோச வட பொங்க பூரி ரவா தோச ஆனியன் ஊத்தப்பம், சாருக்கு என்ன? நான் சொன்னேன், சாரு ஒருத்தர் இல்ல, நாப்பதாயிரம் பேரு."

"இப்பத்தான் பத்து வீரன்னு சொன்னே."

"பந்தி போடுறாங்கன்னு தெரிஞ்சப்புறம் பத்து பேரு பத்தாவே இருப்பானாலே?"

"நியாயம்தானே" என்றான் பாரூக்.

"நியாயம்தான்" என்றது ஸ்பீக்கர்.

"பந்தி நாலு நாட்டு நீளம். இந்தக் கோடியில பாயசம் ஊத்தும்போது அந்தக் கோடியில இன்னும் உப்பே வைக்கல. சாம்பார் வாளியைத் தூக்கிட்டுக் கிளம்புன சப்ளையர் கடைசி இலைக்குப் போய்ச் சேரும்போது அவருக்குப் பேரன் பொறந்து, பேரனுக்குப் பல்லு முளைச்சு, அவனே அப்பளம் வச்சுக்கிட்டு வாரான். வாசனை எதிரி நாட்டுக்குப் போச்சு. அங்க காவலுக்கு நின்னவன்லாம் ஈட்டியை ஓரமாச் சாத்தி வச்சுட்டு, கையைக் கழுவிட்டு வந்து நம்மாளு பக்கத்துல உக்காந்துட்டான். எவன் நம்மாளு, எவன் எதிரின்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"யூனிஃபார்ம் கலரு" என்றான் இசக்கிதுரை.

"சாம்பார் பட்டா எல்லாம் ஒரே கலருதான். நான் இலையைப் பாத்தேன். கல்யாண வீட்டுல இலையை நம்ம பக்கமா மடிப்போம். எழவு வீட்டுலதான் அந்தப் பக்கமா மடிப்போம். முந்நூறு பேரு அந்தப் பக்கமா மடிச்சான். நம்ம சாவுக்கு வந்தவன் மாதிரியே சாப்பிட்டிருக்கான், பாவி. அம்புட்டுப் பேருக்கும் இன்னொரு தடவை சோறு வச்சுக் குழம்பு ஊத்தச் சொன்னேன். எந்திரிக்க முடியாம உக்காந்த இடத்துலயே கைதாகிட்டான்."

"ரசம் ஊத்துனியளா?" ஜெபராஜுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. பாளையங்கோட்டையில் மொத்த அணியும் ஸ்பீக்கர் பக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது.

"ரெண்டு தடவை" என்றேன்.

ஹெலன் அக்கா எதையோ நகர்த்தினாள், ஒரு பட்டனை அழுத்தினாள், மறுபடி எனக்குத் தலையாட்டினாள். முகத்தில் பல்வலி குறைந்திருந்தது.

"மிச்ச எதிரியை எப்படி முடிச்சேங்கிறதுதான் விசேஷம்" என்றேன். "அந்த 'எண்ட் டர்ன்' பட்டன் இருக்குல்லா, அதை நான் அழுத்தவே இல்ல. தனியா ஆடுற ஆட்டத்துல கடிகாரம் கிடையாது. என் முறை முடிஞ்சாத்தானே அவன் முறை? நான் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போனேன். காலாண்டுப் பரீட்சை எழுதுனேன். அரையாண்டு எழுதுனேன்."

"நேத்து ஆரம்பிச்ச ஆட்டத்துல அரையாண்டா?" இசக்கிதுரையின் காது சிவந்துவிட்டது.

"விளையாட்டுக்குள்ள நாள் வேகமாப் போகும். இதுகூடத் தெரியாம ஆட வந்துட்டான். எதிரி ஓங்கின வாளை இறக்க முடியாம அப்படியே நிக்கான். பீரங்கிக்குள்ள மைனா முட்டை வச்சு, குஞ்சு பொரிச்சு, குஞ்சு பறந்தும் போச்சு. தளபதிக்குத் தாடி வளந்து, குதிரை அதைப் புல்லுன்னு நினைச்சு மேஞ்சிட்டு. கடைசியில எனக்கு மனு போட்டான்."

நான் எழுந்து நின்று, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் குரலில் வாசித்தேன். "பெறுநர், உயர்திரு ஜெசிந்தா அம்மா அவர்கள், உலகம். பொருள், எங்கள் முறை வேண்டுவது தொடர்பாக. அம்மா, நாங்கள் மேற்படி மலையடிவாரத்தில் தங்களைத் தாக்குவதற்காக ஒன்பது மாதங்களாக ஒற்றைக்காலில் நின்று வருகிறோம். மற்றொரு கால் மரத்துவிட்டது. தாங்கள் கருணை கூர்ந்து ஒரேயொரு முறை வழங்கினால், தாக்கிவிட்டு உடனே சென்றுவிடுவோம் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள எதிரிகள்."

ஸ்பீக்கரில் யாரோ நாற்காலியோடு விழுந்த சத்தம் கேட்டது.

"நீங்க என்ன பதில் போட்டிய?" ஜெபராஜுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"'மனு பரிசீலனையில் உள்ளது.' அவ்வளவுதான் போட்டேன். அன்னைக்கே சரணடைஞ்சுட்டான். உடனே போனு ரயில்வே ஸ்டேஷன் அக்கா குரல்ல அறிவிச்சுது. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த உலகம் முழுவதுமாகப் பிடிக்கப்பட்டுவிட்டது. செல்வி ஜெசிந்தா அவர்கள் அடுத்த நடைமேடையில் நிற்கும் வேறு உலகத்துக்கு மாறிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'"

இசக்கிதுரை பொறுக்க முடியாமல் என் போனைப் பிடுங்கினான். அதில்தான் நேற்று ஆடியிருந்தேன். விளையாட்டைத் திறந்து, ஆட்டக் கணக்கு இருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்து, உரக்கப் படித்தான். "ஆடிய ஆட்டம் ஒன்று. தோல்வி ஒன்று. காரணம், சப்ளை இல்லை. ஆடிய நேரம் பதினோரு நிமிடம். கேட்டியளாக்கா? இவ படை பட்டினியில செத்திருக்கு. பதினோரு நிமிஷம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்பீக்கர்கூடப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"இம்புட்டும் பதினோரே நிமிஷத்துல முடிச்சிருக்கேன்" என்றேன். "இனி நீங்களே யோசிச்சுக்கோங்க."

"ஆமா, அப்புறம் அடுத்த உலகத்துல..." என்று ஆரம்பித்த ஜெபராஜ் பாதியில் நிறுத்தினான். நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. "ஏலே, நம்ம முறை எத்தனை போச்சு? எவனுமே நகர்த்தலையா? ஏ, நம்ம தலைநகரு எங்கலே?"

திரையில் பாளையங்கோட்டைத் தலைநகரின் உச்சியில் எங்கள் கொடி இருந்தது. அவர்கள் நாலு முறையைக் கோட்டைவிட்டு என் கதையைக் கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அக்கா ஒரே ஒரு குதிரைப்படையைக் காட்டு வழியாகச் சுற்றி நடத்தி, காவல் இல்லாத வாசலுக்குள் நுழைத்துவிட்டாள். மைக்கை அணைத்தாள். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"அக்கா, இவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்றான் இசக்கிதுரை.

"தெரியாதுதான்" என்றாள் அக்கா. போனை எடுத்து, நாலாவது கட்டத்தில் என் பெயரை எழுத்துக்கூட்டி அடித்து அனுப்பினாள். நான் தளபதி நடையில் கம்ப்யூட்டரை நோக்கிப் போனேன். அக்கா என் கையை வழியிலேயே பிடித்து, மைக்கை அதில் வைத்தாள்.

"நீ பேசு. மவுஸைத் தொட்டேன்னா மதுரையிலேயே விட்டுட்டு வந்துருவேன்."