கவிராயர் போட்ட கவசம்

கொன்றைமாநகரை ஆண்ட பூவேந்திர ராஜா நல்லவர்தான். ஆனால் ஒரு நல்ல பாட்டைக் கேட்டுவிட்டால் போதும், அதில் வருவதெல்லாம் நிஜம் என்று நம்பிவிடுவார். அங்கேதான் வந்தது வினை.

அவருடைய சபையில் அலங்காரக் கவிராயர் என்று ஒருவர் இருந்தார். மாயலோகக் கதை கட்டுவதில் கெட்டிக்காரர். பறக்கும் மலை, பேசும் குதிரை, ஏழு தலைச் சர்ப்பம் என்று அள்ளி விடுவார். அவர் புதிதாகப் பாடியது மேகவல்லி என்ற வீராங்கனையின் கதை. அவள் அந்தச் சர்ப்பத்தோடு சண்டைக்குப் போகிறாள். அவள் இடுப்புக்கு இருபத்திரண்டு பாட்டு. கூந்தலுக்குப் பதினெட்டு. வாளுக்கு அரைப் பாட்டு. அதுவும் இடுப்பில் தொங்கிய புண்ணியத்தால் கிடைத்தது!

கவசமா? மார்பில் இரண்டு தங்கத் தகடு, இடையில் ஒரு மணிச்சரம். மீதிக்குக் காற்றுதான் காவல். வழியில் எதிரிகள் விட்ட அம்புகளெல்லாம் அவள் அழகைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டனவாம்.

ராஜா சொக்கிப்போனார். "ஆகா! நம் பெண்கள் படைக்கும் இனிமேல் இதே கவசம்தான்!" என்று உத்தரவு போட்டுவிட்டார். கவிராயர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கொல்லர் ஒன்றைச் செய்து சபைக்கே கொண்டுவந்து வைத்தார்.

பெண்கள் படைத் தலைவி பேச்சியம்மையும் சபையில் இருந்தாள். மூன்றே நாளில் அவளையும் சேர்த்து நாற்பது பெண்கள் மலைக் கணவாய்க்குப் போக வேண்டும். அங்கே கொள்ளைக் கூட்டம் வில்லும் கையுமாகக் காத்திருக்கிறது. போன சண்டையில் அவள் தங்கை விலாவுக்கு வந்த அம்பை இரும்புத் தகடுதான் தடுத்தது. அதைக் கழற்றிவிட்டு மணிச்சரம் கட்டிக்கொண்டு போனால் நாற்பது பேரில் எத்தனை பேர் திரும்புவார்கள்? முடியாது என்றாலோ ராஜ கட்டளையை மீறிய குற்றம். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சிரித்த முகத்தோடு எழுந்தாள்.

"கவிராயரே, ஒரு சந்தேகம். உங்கள் கதையில் ஓர் இளவரசனும் வருகிறானே, அவன் என்ன போட்டிருக்கிறான்?"

"தலையிலிருந்து கால்வரை இரும்பு!"

"ஏன் அவ்வளவு?"

"என்ன கேள்வி அம்மா இது? அவன் சண்டைக்கல்லவா போகிறான்!"

"மேகவல்லி?"

"அவளும் சண்டைக்குத்தான்..." கவிராயர் தாடியைத் தடவினார். "ஆனால் மூடிவிட்டால் அழகு தெரியாதே!"

சபையில் ஒருவர் இருமினார். ராஜா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்!" என்றாள் பேச்சியம்மை. "இந்தக் கவசத்தின் பெருமை யாருக்குச் சேரும்? கொல்லருக்கா, உங்களுக்கா?"

"கொல்லர் வெறும் கை! ஒவ்வோர் அங்குலமும் என் கற்பனை!" என்று கவிராயர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சபையோர் கேட்டீர்களா? மகாராஜா, அப்படியென்றால் நாளைக் காலை கவசச் சோதனை வைத்துவிடலாம்."

கவிராயரின் நெஞ்சு அப்படியே இறங்கிவிட்டது.

கொன்றைமாநகரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. புதுக் கவசம் எதுவானாலும், அதை உருவாக்கியவரே முதலில் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்க வேண்டும். நாற்பது அடி தூரத்திலிருந்து படைத்தலைவர் ஓர் அம்பு விடுவார். அந்த நேரத்தில் உருவாக்கியவர் எதை அணிந்திருக்கிறாரோ, அதுவே படைக்கு முடிவான மாதிரி. இந்த வழக்கம் வந்தபிறகு அந்த ஊரில் மெல்லிய தகடு அடிக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. கவிராயர் வந்தார். மேலே இரண்டு தங்கத் தகடு, கீழே மணிச்சரம். நடுவில் தொப்பை. பேச்சியம்மை நாணில் அம்பைப் பூட்டினாள்.

"பேச்சியம்மா, ஒரு நிமிஷம்! வயிற்றுக்கு மட்டும் ஒரு சின்னத் தகடு..."

"எதற்கு? அம்புதான் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுமே!"

"அது மேகவல்லியைப் பார்த்து! என்னைப் பார்த்து எதற்கு வெட்கப்படப் போகிறது?"

ராஜா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்பு ஆள் பார்க்குமா என்ன? சரி, கேட்டதைக் கொடுங்கள்" என்றார்.

வயிற்றுக்குத் தகடு வந்தது. அவள் மறுபடி நாணை இழுத்தாள்.

"தொடை! தொடையை மறந்துவிட்டோம்!"

தொடைக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு. பிறகு தோளுக்கு. கடைசியில் முதுகுக்கும் கேட்டார்.

"நான் முன்னால்தானே நிற்கிறேன்?" என்றாள் பேச்சியம்மை.

"சண்டையில் எவன் எந்தப் பக்கமிருந்து விடுவானோ, யார் கண்டது?" என்றார் கவிராயர், அனுபவசாலி மாதிரி.

தலைக்கும் இரும்புத் தொப்பி வந்து உட்கார்ந்தது. இப்போது கவிராயரின் கண் இரண்டுதான் வெளியே தெரிந்தது.

பேச்சியம்மை வில்லை நன்றாக வளைத்தாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். சுற்றி வந்தும் பார்த்தாள். பிறகு வில்லைத் தாழ்த்திவிட்டாள்.

"எங்கே விடுவது மகாராஜா? கவிராயர் ஓர் இடம்கூட மிச்சம் வைக்கவில்லையே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கவசமே முடிவான மாதிரி! நாற்பது பேருக்கும் இரண்டே நாளில் செய்து முடியுங்கள்!" என்று உத்தரவிட்டார். "பேச்சியம்மா, எனக்கும் சேர்த்துப் புத்தி சொல்லிவிட்டாய். என்ன பரிசு வேண்டும், கேள்!"

"எங்களுக்கு நாற்பது போதும் மகாராஜா. நாற்பத்தொன்றாவதாக ஒன்று செய்து கவிராயரிடம் கொடுத்துவிடுங்கள்."

"அவருக்கு எதற்கு?"

"அவருக்கில்லை, மேகவல்லிக்கு. பாவம், அந்தப் பெண் இன்னமும் அந்தச் சர்ப்பத்துக்கு முன்னால் மணிச்சரத்தோடு நின்றுகொண்டிருக்கிறாள்!"