சொல்லாத சொல்லுக்குத் திறந்த கதவு

முன்னொரு காலத்தில் மேழிநாட்டை முகிலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கதவுப் பைத்தியம். அவருடைய பாட்டனார் காலத்தில் அரண்மனை வாசலுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம், அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து தூக்கினால் கதவு திறக்கும். அப்பா அதை எடுத்துவிட்டு இரும்புத் தாழ்ப்பாள் போட்டார். இவரோ பட்டத்துக்கு வந்ததும், சாவியைத் திருப்பத் திருப்ப மணியடிக்கும் பூட்டைச் செய்யச் சொல்லி மாட்டினார். உலக்கை மாதிரி ஒரு சாவி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு சபைக்கு வந்தவர் ஒருநாள் எழுந்து நின்றபோது, சாவியோடு சேர்ந்து பட்டு வேட்டியும் இறங்கப் பார்த்தது. சபையே கூரையைப் பார்த்தது. அன்றைக்கே பூட்டைக் கழற்றிவிட்டார்கள்.

இதற்காகவே காத்திருந்தார் அரண்மனை அதிகாரி வல்லபராயர். மந்திரி இளநாகனாருக்கு ராஜா கொடுக்கும் மரியாதையைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவர் அவர்.

"சாவியே வேண்டாம் பிரபு, சொற்பூட்டு போடுவோம். கதவுக்குப் பின்னால் காவலன் காது கொடுத்து நிற்பான். கதவிடுக்கில் ரகசியச் சொல்லைக் கிசுகிசுத்தால்தான் திறப்பான். சொல்லாமல் திறந்தால் அவன் தலை போகும்" என்றார்.

"பேஷ்! யார் யாருக்குத் தெரியலாம்?"

"தங்களுக்கு, மகாராணிக்கு, அடியேனுக்கு, காவலனுக்கு. மந்திரியார் மகா புத்திசாலி ஆயிற்றே, தாமே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்!"

ராஜாவுக்கு இது விளையாட்டாகப் பட்டது. "கண்டுபிடித்தால் கேட்டதைத் தருகிறேன், மந்திரி. ஆனால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால், கேட்டவரும் சொன்னவரும் நாட்டைவிட்டே போக வேண்டும்!"

அன்றிலிருந்து இளநாகனார் பாடு திண்டாட்டம். சொல் தெரிந்த யாராவது உள்ளே போகும்வரை வாசலில் நின்று வெயிலில் காய்ந்தார்.

ஒருநாள் ராஜாவும் வல்லபராயரும் வேட்டைக்குப் போயிருந்தார்கள். மகாராணி அல்லியங்கோதை தாதிமாரோடு கோயிலிலிருந்து திரும்பினாள். சொற்பூட்டு வந்தபிறகு ராஜா கூட இல்லாமல் அவள் வெளியே போனது அதுதான் முதல் தடவை. கதவருகே போனாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உள்ளே அவளுடைய கைக்குழந்தை பசியில் வீரிட்டு அழுதது.

"தாயே, ஒரு தடவை சொல்லிடுங்க! புள்ளைக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து காவலன் சாத்தன் கெஞ்சினான். "சும்மா திறந்தா என் தலை போயிடும். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு தாயே."

"சொல் தெரியாமலா நிற்கிறேன் சாத்தா? வாயில் வரமாட்டேன் என்கிறதே!" என்று ராணி அழுதாள்.

வாசலில் நின்ற இளநாகனாருக்கு மனசு பதறியது. கேட்டால் ராணிக்கும் சேர்த்து ஆபத்து. பிள்ளை இப்படிக் கதறும்போதும் பெற்றவள் வாயில் வராத சொல் எது? மறந்துபோகவும் இல்லை என்கிறாள். அப்போதுதான் ராணியின் கையைக் கவனித்தார். அது தாலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. பெண்சாதி வாயால் சொல்லாத பெயர் ஒன்றுதானே உண்டு!

நேரே கதவருகே போனார். "முகிலவர்மன்!" என்று உரக்கச் சொன்னார்.

குடிமக்கள் ராஜாவின் பெயரைச் சொல்வதா? தாதிமார் காதைப் பொத்திக்கொண்டார்கள். கதவு திறந்தது. ராணி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. 'அப்பாடா, தெய்வமே!' என்று மந்திரி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சபையில் வல்லபராயர் குதித்தார். "மகாராணியார்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்! போதாக்குறைக்கு இவர் தங்கள் திருப்பெயரை ஊர் கேட்கக் கூவியிருக்கிறார்!"

ராஜாவின் முகம் கறுத்தது. "உண்மையா, மந்திரி?"

"கூவியது உண்மை மன்னா. மகாராணியார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தங்கள் பெயரைச் சொல்ல ஊரே பயப்படும், திருடனுக்கு அது தோன்றாது என்று வல்லபராயர் கணக்குப் போட்டார். பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள் என்பதை மறந்துவிட்டார்."

"எனக்கும் தோன்றவில்லையே! என் பெயரா என் பிள்ளையைப் பட்டினி போட்டது?" என்று ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து மந்திரியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை பசியாறியது உம்மால்தான் ஐயா. இந்த நன்றியை மறந்தால் நான் மனுஷனே இல்லை. என்ன வேண்டுமோ கேளும்."

திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் கேட்டது. "எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை என்ற குறை இன்றைக்குத் தீர்ந்தது, அண்ணா."

இளநாகனாருக்குக் கண் கலங்கியது. "கதவில் ஒரு சின்ன ஜன்னல் வையுங்கள் மன்னா. சாத்தன் முகம் பார்த்துத் திறக்கட்டும். வேறொன்றும் வேண்டாம்."

மறுநாளே ஜன்னல் வந்தது. முதல் ஆளாக வந்து நின்றவர் வல்லபராயர். "திறடா!"

"யாருங்க ஐயா?"

"என்னைத் தெரியவில்லையா? தினம் உன் முன்னால்தானே போகிறேன்!"

"போவீங்க ஐயா. தலையை நிமித்திக்கிட்டே போவீங்க. நான் உங்க தாடையைத்தான் பார்த்திருக்கேன். கொஞ்சம் குனிஞ்சு முகத்தைக் காட்டுங்க."

உள்ளே மாடத்திலிருந்து ராஜா சிரிக்கும் சத்தம் கேட்டது. வல்லபராயர் குனிந்தார். சாத்தன் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே போகும்போது, "நன்றி, அப்பா" என்று அந்த மனுஷர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சாத்தன் கதவை மூடவே மறந்துபோனான்.